வெளியே ஒரு புள்ளி

சிலுவைத்துறையில் கடல்மதிலின் கதவை மூடுவதும் திறப்பதும் எந்த மனிதனின் வேலையும் இல்லை. அது விதிகளின் வேலை. விதிகளை எழுதுவது என் வேலை. துறைமுக அலுவலகத்தில் வொர்க்ஃப்ளோ என்பதை நாங்கள் பணிப்பாய்வு என்போம்: இப்படி நடந்தால் இதைச் செய், இல்லையெனில் அதைச் செய். ஒவ்வொரு படகிலும், தான் இருக்கும் இடத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும் ஓர் அடையாளவில்லை உண்டு. புயல் எச்சரிக்கை வந்தபின் மதிலுக்கு வெளியே ஒரு வில்லையாவது பேசிக்கொண்டிருந்தால் கதவு திறந்திருக்கும். இல்லையெனில் மூடிக்கொள்ளும்.

கைவிசை கிடையாது. முன்பு இருந்தது. செல்வாக்குள்ளவன் ஒரு போன் போட்டால் கதவு திறக்கும், அவனைவிடப் பெரியவன் போட்டால் மூடும். அந்தக் கூத்தைப் பார்த்து வெறுத்துத்தான் மனிதர் சொல்லையே விதியிலிருந்து தூக்கினேன். எச்சரிக்கை வந்துவிட்டால் விதிகளும் பூட்டிக்கொள்ளும், நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. எனக்கு அதில் பெருமைதான், அன்று மத்தியானம் வரை.

அன்று காற்று ஏற ஏற என் அறைத் திரையில் வில்லைகளின் புள்ளிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடைசிப் புள்ளியும் வந்தது, கதவு மூடியது. டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். மதிலுக்கு அப்பால் அலைகளுக்கு நடுவே ஒரு நீலப் படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது என் தம்பி டிஸ்மாஸின் படகு.

கைத்திரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவருகே அவன் கூட்டாளி லாசர் பேயறைந்தவன்போல் நின்றான். அவன் கையில் இரண்டு வில்லைகள்.

“ஏலே, அவன் வில்லை உன்கிட்ட எப்படில வந்துச்சு?”

“ஏலத்துக்கு வரிசை பிடிக்கத்தான்க்கா. வலையை இழுத்துட்டுப் பின்னால வாரேன், நீ முன்னால கொண்டு போன்னான். எல்லாரும் செய்றதுதான்.”

மீன் ஏலக்கூடம் படகைப் பார்த்து வரிசை தருவதில்லை, வில்லையைப் பார்த்துத்தான் தருகிறது. அதனால் முதலில் திரும்புகிறவன் கூட்டாளியின் வில்லையையும் கொண்டுவருவது வழக்கமாகியிருக்கிறது. நான் அரசாங்க அறையில் உட்காருகிறவள் என்பதால் ஊரே என்னிடம் மூச்சு விடவில்லை. என் தம்பியும்தான்.

“கதவைத் திறக்கச் சொல்லுக்கா!”

“யார்கிட்டல சொல்ல? அதுக்குக் காதே கிடையாதே!” அந்த இரும்புக் கதவைக் கை வலிக்கக் குத்தினேன். அதன் விதியை எழுதியவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

லாசர் வில்லையைப் பார்த்தான். “இது வெளிய இருந்தா திறக்கும்லா? தூக்கிப் போடட்டா?”

“முங்கிரும். முங்குனா பேசாது. கயித்துல கட்டித் தொங்கவிட்டா அலை பிச்சிட்டுப் போயிரும். தண்ணிக்கு மேல யாராச்சும் பிடிச்சிட்டு நிக்கணும்.”

தம்பியின் வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லாசர் மதில்மேல் ஏறினான். மறுபுறம் பாசி சுரண்டுகிறவர்கள் இறங்கும் இரும்புப் படிகள் இருந்தன. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே இருப்பது என் தம்பி.

கைத்திரையில், வெளியே, ஒரு புள்ளி முளைத்தது. கதவு முனகிக்கொண்டு திறந்தது. டிஸ்மாஸின் படகு ஓர் அலையோடு அலையாக உள்ளே வந்து விழுந்தது. அழுதேவிட்டேன்.

அடுத்த அலை மதிலை அறைந்தது. ஏறி எட்டிப் பார்த்தேன். லாசர் கடைசிப் படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தான். மற்ற கை துவண்டு கிடந்தது. அவனால் ஏற முடியாது.

திறந்த கதவு வழியாகக் கடல் உள்ளே வந்தது. ஏலக்கூடம் முழுகி, தெருக்களிலும் தண்ணீர் ஏறியது. ஊர்த்தலைவர் பர்னபாஸ் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆட்களோடு வந்தார்.

“ஜெனோவா, கதவை மூடும்மா! எல்லாப் படகும் வந்தாச்சுல்லா!”

“லாசர் வெளிய இருக்கான்.”

“பாவந்தான். அவனுக்காக ஊரையே முக்கணுமா? புள்ளகுட்டி இருக்குல்லா!”

அவர் கெட்டவர் இல்லை. பின்னால் நின்றவர்களும் இல்லை. ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. “மூடு, மூடு” என்று எல்லோரும் கத்தினார்கள். பர்னபாஸ் தமக்குத் தெரிந்த பெரிய இடங்களுக்கெல்லாம் போன் போட்டார். கதவு அசையவில்லை. சற்று முன் நான் சபித்த அந்தச் செவிட்டுத்தனத்தை இப்போது கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கைவிசை இருந்திருந்தால் இத்தனை கைகளில் ஒன்று அதை அழுத்தியிருக்கும்.

டிஸ்மாஸ் படகைத் திருப்பினான். “அக்கா, கதவு காத்திருக்கும்லா?”

“அவன் தலை தண்ணிக்கு மேல இருக்கிற வரைக்கும். போ!”

படகு வெளியே போனது. நான் கைத்திரையைப் பார்த்தபடி நின்றேன். புள்ளி மறைந்தது. கதவு கடகடவென்று இறங்கத் தொடங்கியது. கூட்டத்தில் யாரோ “அப்பாடா” என்றார்கள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. புள்ளி மறுபடி வந்தது. கதவு பாதியில் நின்று மேலே ஏறியது. புள்ளி மதிலை விட்டு விலகி, தள்ளாடி, கதவை நோக்கி நகர்ந்தது.

படகு உள்ளே வந்ததும் கதவு மூடியது. “எல்லாப் படகுகளும் உள்ளே” என்றது ஒலிபெருக்கி.

டிஸ்மாஸ் லாசரைக் கைத்தாங்கலாக இறக்கினான். லாசர் உப்புத் தண்ணீரைக் கக்கினான். முழங்கால்வரை தண்ணீரில் நிற்கும் கூட்டத்தையும், முழுகிக் கிடக்கும் தெருவையும் நிமிர்ந்து பார்த்தான்.

“எனக்காகவா இத்தனை பேரும் கதவைத் திறந்து வச்சிட்டு நின்னீங்க?”

பர்னபாஸ் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

“ஆமாம்ல” என்றேன்.