தொட்டிக்குள் ஒரு பிடி அரிசி

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இடையில் யாரும் கேள்வி கேட்க வேண்டாம். எரிச்சல் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

நானும் என் மனைவி ஜெபராணியும் ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அதற்கு முன் அங்கே தனியாக இருந்தவர் பொன்மணி டீச்சர். இறந்து ஆறு மாதம். வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவுக்காக, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் குப்பை அரைக்கும் மிஷின் மாட்டியிருந்தார். மிச்சம் மீதியை அரைத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிடும்.

அலமாரியில் ஒரு தகர டப்பா இருந்தது. எங்கள் சபையில் பல வீடுகளில் இருப்பதுதான். சோறு வைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி அரிசியை அதில் போடுவார்கள். நிறைந்ததும் வேதக்கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். டீச்சரின் டப்பாவில் முக்கால்வாசி அரிசி வண்டு விழுந்து கிடந்தது. காணிக்கை என்று தெரிந்தேதான் அதை மிஷினுக்குள் கொட்டினேன். வெளியே கொண்டுபோகச் சோம்பல். குழாயைக்கூடத் திறக்காமல் சுவிட்சைப் போட்டேன்.

மிஷின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

அதை ஒருவழியாகச் சரிசெய்தேன். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு, ஜெபராணி அரிசி களையும் நேரத்தில், மிஷின் அடைத்துக்கொண்டது. தொட்டியில் அழுக்குத் தண்ணீர் ஏறும். பழைய கழனித்தண்ணீர் வாடை கூடம்வரை வரும்.

ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலில் குழாய், பிறகு சுவிட்ச். கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும். முருங்கைச் சக்கை, வாழை நார், அரிசி கூடாது. அரைத்து முடிந்த பிறகும் பத்து எண்ணும்வரை தண்ணீர் ஓடட்டும். எக்காரணம் கொண்டும் உள்ளே கை விடக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டேன்.

அன்றும் அடைத்தது.

பேட்டையிலிருந்து மெக்கானிக் செந்தில்முருகனை வரவழைத்தேன். கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணாச்சி, இது குப்பை மிஷினா, கோழித்தீவன மிஷினா? ஒரு பிடி அரிசில்லா கெடக்கு."

"அத எடுத்துப் போட்டுட்டு வேலயப் பாரு."

அவன் அரிசியை விரலால் தேய்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"குழாய் பூரா ஈரம் அண்ணாச்சி. அரிசி மட்டும் எப்படிக் காஞ்சு கெடக்கு?"

மறுநாளும் வந்து அதே காய்ந்த அரிசியை எடுத்தான். மூன்றாம் முறை அவன் போனையே எடுக்கவில்லை. கோபம் முழுவதும் ஜெபராணி மேல் திரும்பியது.

"அரிசி போடாதன்னு எழுதி ஒட்டியிருக்கேன். உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நான் போடல. எத்தன தடவ சொல்ல?"

"பின்ன யாரு போடுதா? செத்துப்போன டீச்சரா?"

பிளக்கைப் பிடுங்கி அவள் முன்னால் எறிந்தேன். "கரண்டு இல்ல. நீயே கைய விட்டு எடு."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழங்கைவரை உள்ளே விட்டாள்.

"என்னங்க."

"என்ன?"

"உள்ள ஒரு கை இருக்கு."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

கையைப் பைய வெளியே இழுத்தாள். காயம் இல்லை. கை முழுதும் அழுக்குத் தண்ணீர் வழிந்தது. மூடிய விரல்களை விரித்தாள்.

காய்ந்த அரிசி.

"எலி ஏதாவது இருக்கும்" என்றேன்.

அவள் பெட்டியை எடுத்தாள். "உடன்குடிக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். உங்க கைய உள்ள விட்டுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் பொய் சொல்லுதவளாவே இருந்துக்கிடுதேன்."

ஒன்பது நாள் ஓட்டல் சாப்பாடு. வீட்டில் உலை ஏற்றவே இல்லை. பிளக் தரையில் கிடந்தது. ஆனாலும் பதினொரு மணிக்கு மிஷின் முனகும். அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். ஜெபராணி போனில் பேச மறுத்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

பத்தாம் நாள் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கையை விட்டேன்.

ரப்பர் மூடி. வழவழப்பு. இரும்புப் பல்.

அப்புறம், விரல்கள்.

மெலிந்த, காய்ந்த விரல்கள். அவை என்னைப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. எதையோ வாங்குவதற்குக் காத்திருந்தது.

மறுகையால் பக்கத்திலிருந்த அரிசி மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

அது மூடிக்கொண்டது.

ஜெபராணியைப் போனில் கூப்பிட்டேன். "நீ சொன்னது நெசம். என்னை மன்னிச்சிரு."

மறுநாள் காலை வந்தாள். வாசலிலேயே என் கையைப் பார்த்தாள். உள்ளே போய்த் தகர டப்பாவைத் துடைத்தாள். சோற்றுக்கு அரிசி அளந்து, முதல் பிடியை அதில் போட்டு மூடினாள்.

மணி பதினொன்று. மிஷின் முனகவில்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

ஜெபராணி இரண்டு கையாலும் உலைப்பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். நான் நிலைப்படியில் நின்றேன்.

மூடிய டப்பாவுக்குள் இன்னொரு பிடி அரிசி விழும் சத்தம் கேட்டது.