குழந்தைசாமியின் கையொப்பம்

ஆஸிஃபா மூன்று பதிப்புகள்தான் செய்திருந்தாள். சோதனைக்கு வைத்திருந்த போனில் நான்காவது ஓடிக்கொண்டிருந்தது.

கடலுக்குப் போனவர்களின் படகு எங்கே நிற்கிறது என்று வீட்டாருக்குக் காட்டும் ஆப் அது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். காலையில்தான் அதற்கொரு டெஸ்ட் கீ உருவாக்கினாள். ஆப்பின் மேல் இடுகிற கையொப்பம் அது. அடுத்த பதிப்பிலும் அதே கையொப்பம் இருந்தால் மட்டுமே போன் அதை ஏற்கும். யார் பெயரில் என்று லேப்டாப் கேட்டபோது, விரல்கள் யோசிக்காமல் ‘குழந்தைசாமி’ என்று அடித்திருந்தன.

தன் போனில் கணவன் ஷஃபியைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, என் லேப்டாப்ப யாராச்சும் தொட்டாங்களா?”

“யாரு தொடப்போறா? நான் காலையிலயே பாண்டிக்கு வந்துட்டேன். ஏன்?”

“நான் செய்யாத ஒண்ணு போன்ல ஏறியிருக்குது. என் கீயிலயே கையெழுத்து போட்டிருக்குது.”

“கீ யார் பேர்ல?”

“குழந்தைசாமி.”

“யாரு அது?”

“தெரியல. டைப் பண்றப்ப வந்துச்சு.”

“அந்தக் கீய அழிச்சிடு. கதவ சாத்திக்க. இதோ கிளம்பிட்டேன்.”

அழித்தாள். நகல் எங்கும் இல்லை. இனி அந்தக் கையொப்பத்தை உலகத்தில் யாராலும் போட முடியாது. ஆனாலும் உட்கார முடியவில்லை. நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். வெளியே அந்தி சாய்ந்து, மஃரிப் பாங்கு ஓய்ந்திருந்தது. பாத்திகளில் தேங்கிய உப்புநீரின் பழுத்த வாடை காற்றோடு உள்ளே வர, உப்புக் குவியல்களை மூடிய கீற்றுகள் யாரோ புரண்டு படுப்பதுபோல் சரசரக்க, அதுவரை எங்கோ ஓடிக்கொண்டிருந்த பம்ப்செட் திடீரென்று நின்றது.

சோதனைப் போன் அதிர்ந்தது. ஐந்தாவது பதிப்பு ஏறி முடிந்திருந்தது.

திரையில் வரைபடம் தானாக விரிந்தது. வீட்டின் மேல் ஒரு புள்ளி, இந்தப் போன். உப்பளத்தின் நடுவில் இன்னொன்று. இந்த ஆப் வேறு எந்தப் போனிலும் கிடையாது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீற்று மூடிய குவியல்கள். ஆள் யாருமில்லை.

புள்ளி வரப்பில் திரும்பியது.

“யா அல்லாஹ்.” தாழ்ப்பாளைப் போட்டாள். போனை அணைத்தாள். திரை அணையவில்லை. புள்ளி வாசலில். ஈர மணலில் கால் புதைந்து எழும் சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு எதுவுமில்லை.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின.

வலது மணிக்கட்டில் ஏதோ சில்லிட்டது. குனிந்து பார்த்தாள். ஈரமான பெருவிரல் ரேகை ஒன்று, அவள் பார்த்திருக்கும்போதே உலர்ந்து, உப்பாய்ப் பூத்தது. தேய்த்தாள். போகவில்லை.

அவளுடைய வலது கை மெல்ல உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தாள். கத்தினாள்.

கை தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தது.