கீச்சடக்கி யாருடையது

காலை ஒன்பது மணிக்கு மாநிலத்தின் நான்கு கோடி வீட்டுச் சுவர்களிலும் ஒளியிழை ஆணையத்தின் இயக்குநர் முனைவர் கலியபெருமாள் ஒரே நேரத்தில் தோன்றித் தொண்டையைச் செருமினார். படம் துளிகூட நடுங்கவில்லை. தலைக்குச் சாயம் பூசியவர் காதோரம் தவறவிட்ட இரண்டு நரைமுடிகளைக் குடிமக்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

"என்னுடைய கீச்சடக்கி," என்று தொடங்கினார்.

ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் தமயந்தி தேநீரைக் கீழே வைத்தாள். ஏழு வருடம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது அது. நிறம் மாற்றும் லேசர் ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குத் தாவினால், போய்ச் சேர்ந்த இடத்தில் சும்மா நிற்காது. திடீரென பிரேக் போட்ட பேருந்தின் பயணிகள் போல முன்னும் பின்னும் ஆடித்தான் அடங்கும். அந்த ஆட்டத்துக்கு அலைக்கீச்சு என்று பெயர். ஆடுவது பக்கத்து நிறத்தை இடிக்கும் என்பதால் நிறங்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கீச்சடக்கி ஒவ்வொரு லேசரின் ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு, அது ஆடுமுன்பே எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டிவிடும். அவ்வளவுதான். நாற்பது நிறம் போன இழையில் நாலாயிரம் நிறம் நெருக்கியடித்துப் போனது. வீட்டுச் சுவரெல்லாம் திரையாயின. பள்ளிக்கூடம், நீதிமன்றம், பெண் பார்ப்பது எல்லாம் சுவருக்கே வந்து சேர்ந்தன.

காப்புரிமையில் முதல் பெயர் கலியபெருமாள். இரண்டாவது அவருடைய மருமகன் தென்னரசு. மூன்றாவதாக, 'மற்றும் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்.'

"மற்றும்னா நீங்கதானே மேடம்," என்றான் இழை ஒட்டும் சகாயம். "நானும் அதுலதான் இருக்கேன். கூட்டிப் பெருக்கற செல்லம்மாக்காவும் இருக்காங்க. வெள்ளிக்கிழமை விருது வாங்க மூணு பேரும் ஒரே ஆட்டோவுல போயிருவோம்."

தமயந்தி சிரிக்கவில்லை. "சகாயம், அவரு ரூமுக்குப் போற இழை எது?"

இயக்குநர் எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் படிப்பார். நடுவில் தலைப்புகளை மட்டும் விரலால் தள்ளிக்கொண்டே போவார். மூன்று வருடத்துக்கு முன் அப்படித் தள்ளியபோது தமயந்தியின் அறிக்கையில் 'குறைகள்' என்ற தலைப்பு கண்ணில் பட்டது. அமைச்சருக்குப் போகும் அறிக்கையில் குறையா? பக்கத்தையே உருவச் சொல்லிவிட்டார். அதில் அவள் எழுதியிருந்தது இதுதான். இழைக்குள் அனுப்பும் ஒளியில் கொஞ்சம் எப்போதும் திரும்பி வந்துகொண்டிருக்கும். பக்கத்தில் யாராவது பேசினால் இழை அதிரும், அந்த அதிர்வு திரும்பும் ஒளியில் பதியும். இதுநாள்வரை லேசரின் சொந்த ஆட்டத்தில் அது அமுங்கிக் கிடந்தது. ஆட்டம் நின்றால் பேச்சு தெளிவாகக் கேட்கும். இதைச் சரிசெய்யாமல் வீடுகளுக்குக் கொடுக்கக் கூடாது.

கொடுத்துவிட்டார்கள். பக்கம் காணாமல் போனது அவளுக்குத் தெரியும். அதே வாரத்தில்தான் காப்புரிமையும் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. பேர் போட்டுக்கொண்டவன் பாடு.

இயக்குநர் அறை இழையின் இந்த முனையில், திரும்பும் ஒளியிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் ஒரு கேட்புமானியைப் பொருத்தினாள். முதல் நாள் குறட்டை. இரண்டாம் நாள் பல் குத்திக்கொண்டே பாராட்டுரை ஒத்திகை. மூன்றாம் நாள்தான் வேண்டியது அகப்பட்டது; பதிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. மேடையில் அமைச்சர் பொன்னாடையை விரித்தார். கலியபெருமாள் தோளைக் குனிந்து கொடுத்தார். அந்த நேரம் பார்த்து நான்கு கோடிச் சுவர்களும் அவர் குரலிலேயே பேசின.

"அந்தப் பொண்ணு பேரு என்ன மாப்ள, தமயந்தியா? கண்டுபிடிச்சதெல்லாம் அதுதான். எனக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியாது. ஆனா மேடைன்னா நிக்கறதுக்கு ஒரு ஆகிருதி வேணும் பாருங்க."

"அந்தக் குறைகள் பக்கத்துல என்ன மாமா எழுதியிருந்துச்சு?"

"நான் எங்க படிச்சேன்?"

பொன்னாடை அமைச்சரின் கையிலேயே நின்றது. மாநிலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தமயந்தி இரண்டாவது தேநீர் வாங்கி வரச் சொன்னாள்.

சிரிப்பு கால்மணி நேரம் நீடித்தது. பிறகு எங்கோ ஒரு வீட்டில் யாரோ கேட்டார்கள்: "அவரு ரூமுக்குள்ள பேசுனது எப்படி வெளியே கேட்டுச்சு?" பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று கேட்டு வளர்ந்தவர்கள் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்தார்கள். அந்தச் சுவர் முன்னால் மூன்று வருடமாக என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து வியர்த்தார்கள்.

மாலையில் கலியபெருமாள் மறுபடி சுவருக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்கல்ல. இந்தக் கருவியில எனக்குக் கடுகளவும் பங்கில்லை, அதுல என்ன இருக்குன்னு நான் படிச்சதுகூட இல்லை. அது முழுக்க முழுக்கத் தமயந்தியம்மாவோட கண்டுபிடிப்பு. காப்புரிமையில திருத்தம் போட்டாச்சு. இனிமே அதுக்குப் பேரு தமயந்தி கீச்சடக்கி."

சாட்சிக்கு அந்த ஒலிப்பதிவையே ஒருமுறை போட்டுக் காட்டினார்.

"மேடம், வாசல்ல கூட்டம்," என்றான் சகாயம்.

"பாராட்ட வந்திருக்காங்களா?"

"கையில செருப்பு வச்சிருக்காங்க. நீங்க பின்பக்கமாப் போயிருங்க."

போவதற்கு முன் அவளுக்கு ஒரு சபலம். கேட்புமானியை இயக்குநர் அறை இழையிலிருந்து எடுத்து ஊர் இழைக்கு மாற்றினாள். ஏழு வருட உழைப்புக்கு அப்புறம் தன் பெயரை நாலு பேர் சொல்வதைக் காதால் கேட்க வேண்டாமா?

வீடு வீடாகச் சொன்னார்கள். சுவரில் போர்வையை மாட்டிக்கொண்டே, தணிந்த குரலில், புருஷன் பெண்டாட்டியிடமும் பெண்டாட்டி புருஷனிடமும் சொன்னார்கள்:

"மெதுவாப் பேசு. தமயந்தி இருக்கா."