லியானெட்டின் கம்ப்யூட்டர் அணையும் நேரம்

எட்டு மணிக்குத் தானாக அணைய வேண்டிய கம்ப்யூட்டர் அன்று அணையவில்லை. சமையலறையில் கறுப்பு பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருந்த யானிராவுக்கு முதலில் அது உறைக்கவே இல்லை. வழக்கமாக அதன் விசிறி இழுத்து மூச்சுவிட்டு அடங்கும்போது வீடே ஒருகணம் வெறிச்சோடிப்போகும். அந்த வெறுமைக்கு அவள் காது பழகியிருந்தது. இன்று அது வரவில்லை.

மகள் லியானெட்டுக்கு இருட்டு ஆகாது. பொம்மைப் படம் ஓடுகிற வெளிச்சத்தில்தான் தூங்குவாள். அவள் கண்ணயர்ந்த பிறகு அணையும்படி நேரம் வைத்தது யானிராதான். ஒரு நிமிடத்தில் அணையப்போகிறது என்று திரையில் கட்டம் வந்ததும், கள்ளி, கட்டிலிலிருந்தே எட்டி மவுஸால் 'ரத்து' பொத்தானை அழுத்திவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்பாள். ஒன்பது வயது. மழைக்காலத்தில் கண்ட காய்ச்சல் நாலே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகும் யானிரா இருட்டத் தொடங்கினால் படத்தைப் போட்டுவிடுவாள். துறைமுகத்துக்கு இரவு வேலைக்குக் கிளம்பும் அவள் கணவன் ஓஸ்மெல் பார்த்தும் பாராமல் போவான். ஒருநாள் மட்டும் கேட்டான்.

"யாருக்குடி ஓடுது அது?"

அவள் படத்தின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அவனும் பிறகு கேட்கவில்லை.

அடுப்பைத் தணித்துவிட்டு அறைக்குப் போனாள். திரையின் மூலையில் ஒரு வரி: அணைப்பு ரத்து செய்யப்பட்டது. பழைய மிஷின், ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி நேரம் வைத்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

கட்டம் வந்தது. மேசைமேல் மவுஸ் லேசாக உரசியது. திரையில் அம்புக்குறி நகர்ந்தது. நேராக அல்ல, கட்டிலில் படுத்தபடி எட்டுகிற சின்னக் கை தடுமாறுமே, அப்படி. ரத்துக்கு மேலே நின்றது. டிக்.

யானிரா நாற்காலியில் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. அதற்கும் அடியில், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று. எதிர்வீட்டு ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. சந்தியாகோ நகரின் அந்தக் குன்றுச் சரிவு முழுவதும், துறைமுகம் வரைக்கும், ஒரே இருட்டு.

திரை மட்டும் எரிந்தது. படம் ஓடியது.

"யானிரா!" ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மிர்த்தா. "ஊரே இருண்டு கெடக்கு, ஒன் வீட்ல மட்டும் என்னடி வெளிச்சம்? ரகசியமா ஜெனரேட்டர் வாங்கிட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா."

"குரல் ஏன் இப்படி இருக்கு? நான் வரட்டா?"

"வேணாம்க்கா. நீங்க போங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அறையில் வாசனை ஒன்று எழுந்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணி, அதை நனைத்த ஆல்கஹால், பிள்ளையின் வியர்வை. அவளுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. மூச்சு. மேலோட்டமாக, வேகவேகமாக. கடைசி ராத்திரி கேட்ட அதே மூச்சு.

திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை நாளாக இவள் தூங்கவே இல்லையா? நான்தான் இந்த வெளிச்சத்தைப் போட்டு உட்காரவைத்திருக்கிறேனா?

நேரம் வைத்தாள். கட்டம் வந்தது. 'ரத்து' பொத்தானை யாரும் எட்டாதபடி மவுஸைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். கண்ணீர் அதன்மேல் சொட்டியது.

"தூங்கு கண்ணு. போதும். அம்மா இங்கதான் இருக்கேன்."

"அம்மா, வேணாம்மா."

காதோரத்தில். அவ்வளவு கிட்டத்தில்.

யானிரா கையை எடுக்கவில்லை. விசிறி இழுத்து மூச்சுவிட்டு அடங்கியது. திரை செத்தது. கும்மிருட்டு.

அந்த இருட்டில் அவள் கைமேல் சின்ன விரல்கள் வந்து படிந்தன. ஒவ்வொன்றாக. இறுகின. அவள் எலும்பு நொறுங்குகிற அளவுக்கு இறுகின.

அந்தக் கை அனலாய்க் கொதித்தது. இன்னும் காய்ச்சல் விடவில்லை.