அழுக்குத் தொட்டி சொன்ன சாட்சி

வேனுக்குள் தண்ணீர் என்றால் அது அப்பாவின் இலாகா. வண்டி ஓட்டுவது அம்மா. சமையல், யார் கையில் கரண்டி அகப்படுகிறதோ அவர்கள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அப்பாவை மீறி யாரும் மூச்சு விட முடியாது.

நான்கு பேரும் விடுமுறைக்குக் கடல் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த வேன்தான். ஆனாலும் அது ஒரு வீடு. படுக்கை, அடுப்பு, குட்டி சிங்க், திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை எல்லாம் உள்ளேயே இருந்தன. படுக்கைக்கு அடியில் நல்ல தண்ணீர்த் தொட்டி. பயன்படுத்திய தண்ணீர் போய்ச் சேர, வண்டியின் வயிற்றுக்கு அடியில் அழுக்குத் தண்ணீர்த் தொட்டி. எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கதவோரம் இருந்த இரண்டு வரிசை விளக்குகள் காட்டும்.

குழாயைத் திறந்தால் இருக்கைக்கு அடியில் இருக்கும் பம்ப் 'குர்ர்ர்' என்று உறுமித் தண்ணீரை அனுப்பும். அந்தச் சத்தம் கேட்டாலே அப்பாவின் தலை நிமிர்ந்துவிடும்.

"யாரது?" என்பார்.

"வேற யாரு, வாத்துதான்" என்று அம்மாவும் அக்காவும் சொல்வார்கள்.

வாத்து என்பது ஏழு வயதுத் தங்கை. கை கழுவப் போனால் தோள் வரை நனைந்து வருவாள். அதனால் கிடைத்த பெயர். முதல் தடவை தொட்டி காலியானபோது எல்லாருடைய பார்வையும் அவள் மேல்தான் விழுந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடவை காலியானபோது அப்பா தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றுகொண்டிருந்தார். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அம்மாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் தலையில் ஊற்றினார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு தடவை தொட்டி காலியாச்சுன்னா வண்டியை வீட்டுக்குத் திருப்பிடலாம். கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வாத்து இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. இன்னும் ஒரு நாள் பயணம்தான் மிச்சம்.

அன்று மாலை, வண்டிகள் தங்கும் ஒரு மைதானத்தில் வேனை நிறுத்தினார்கள். அப்பாவே அழுக்குத் தொட்டியைக் காலி செய்தார். நல்ல தண்ணீர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார்.

மறுநாள் காலையில்தான் அக்கா அதைக் கவனித்தாள். வாத்து கையைக் கழுவாமல் துணியில் துடைத்துக்கொண்டாள். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது.

"ஏய் வாத்து, தண்ணி குடிச்சியா?"

"வேணாம்க்கா. நான் குடிச்சா தொட்டி காலியாயிடும்."

'வாத்துதான்' என்று கை காட்டியவர்களில் அக்காவும் ஒருத்தி. தன் பாட்டிலைத் திறந்து தங்கையின் கையில் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

அப்போது பம்ப் உறுமியது. குர்ர்ர்.

அம்மாவும் அப்பாவும் வெளியே நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வேனுக்குள் இவர்கள் இருவர்தான்.

"சத்தியமா நான் இல்லக்கா" என்றாள் வாத்து.

"நீ என் கண்ணு முன்னாடிதானே நிக்கிற."

அக்கா சிங்க்கைப் பார்த்தாள். குழாய் மூடியிருந்தது. குளியலறையிலும் ஒரு சொட்டு இல்லை. பிறகு கதவோரம் இருந்த விளக்குகளைப் பார்த்தாள். நிரப்பி ஓர் இரவுதான் ஆகியிருந்தது, அதற்குள் நல்ல தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அழுக்குத் தண்ணீர் வரிசையிலோ அடியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

அவள் இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாத்து, நீ கை கழுவுற தண்ணி எங்கே போகும்?"

"அழுக்குத் தொட்டிக்கு."

"அப்போ நீ இத்தனை தண்ணியக் கொட்டியிருந்தா, அந்தத் தொட்டி நிரம்பியிருக்கணுமே. அது கிட்டத்தட்ட காலியா இருக்கு. தண்ணி உள்ளே செலவாகவே இல்ல, வாத்து. வேற எங்கேயோ போகுது."

இருவரும் வெளியே இறங்கி வேனைச் சுற்றி வந்தார்கள். எல்லாப் பக்கமும் தரை காய்ந்து கிடந்தது. பின் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் புல் சொதசொதவென்று இருந்தது. அதற்கு நேர் மேலே, வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. அதன் ஓரத்தில் தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மூடியைத் திறந்தாள். உள்ளே சுருட்டி வைத்த கை ஷவர். வெளியே நின்று கால் கழுவுவதற்காக வைத்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டே இருந்தது.

அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டாள்.

அப்பா குனிந்து பார்த்தார்.

"இதை யார் திறந்தது?" என்று அம்மா கேட்டார்.

அப்பா பிடரியைச் சொறிந்துகொண்டார். பயணத்தின் முதல் நாள் ஷூவில் அப்பிய சேற்றை இங்கேதான் கழுவினாராம். ஷவரின் பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் நின்றுவிட்டது. அதோடு மூடியைச் சாத்திவிட்டார். ஷவருக்குத் தண்ணீர் விடும் குழாயைத் திருகி மூடவே இல்லை.

"தண்ணி மந்திரியே இப்படின்னா, நாங்க யார்கிட்ட போய்ப் புகார் கொடுக்கிறது?" என்றார் அம்மா.

அப்பா குழாயை இறுக்கி மூடினார். நால்வரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பம்ப் வாயைத் திறக்கவில்லை.

வாத்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அப்பா அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடது, கண்ணு. நீ இல்லைன்னு சொன்னப்பவே நான் போய்ப் பார்த்திருக்கணும்."

வாத்து பாதி முகத்தை மட்டும் வெளியே நீட்டினாள். "அப்போ வண்டியைத் திருப்ப மாட்டீங்கல்ல?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி எஞ்சினைக் கிளப்பியிருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் கடல் வந்தது. வாத்து மணலில் இறங்கினாள், ஆனால் ஓடவில்லை. அலை தொடாத தூரத்திலேயே நின்று, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா, இதுல நான் எவ்வளவு வேணும்னாலும் விளையாடலாமா?"

அப்பா கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டார். அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, நேராக அலைக்குள் நடந்தார்.