ஏழாவது தாள்

போன் அலறியது. காலை ஏழு மணி.

"பெகிமாய்... சைகால் செத்துட்டா." டைரக்டர் எர்மெக்கின் குரல். "அஞ்சாவது மாடியிலேர்ந்து குதிச்சுட்டா. லெட்டர் எழுதி வெச்சிருக்கா."

லெட்டரா?

பெகிமாய் எழுந்து உட்கார்ந்தாள்.

சைகால் எர்மெக்கின் மனைவி. அவன் கைக்காசில் எடுக்கிற படத்தின் கதாநாயகியும் அவள்தான். பெண்டாட்டியை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் ஒரு புருஷனின் கதை. ஷூட்டிங் முடிந்து வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு அதே கதைதான். அவள் போன் அவன் பாக்கெட்டில். என்ன சாப்பிடலாம், யாரோடு பேசலாம், எல்லாம் அவன் சொல்ல வேண்டும். பெகிமாய் அந்தப் படத்தில் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்க்கிறவள்.

பிஷ்கெக்கின் அந்தப் பழைய குடியிருப்பு முற்றத்தில் துக்கக் கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே பெண்களின் ஒப்பாரி. வாசலில், அந்த ஊர்த் துக்க வழக்கப்படி, கம்பை ஊன்றிக்கொண்டு எர்மெக் கதறினான். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவன் மாதிரி கதறினான்.

சைகாலின் அம்மா பெகிமாயின் கையைப் பிடித்தாள்.

"தற்கொலையாம்... இமாம் தொழுகை நடத்த மாட்டேங்கிறாரும்மா. எம்பொண்ணு தொழுகைகூட இல்லாமலா மண்ணுக்குப் போகணும்?"

பெகிமாய் நேராக, முற்றத்தில் விசாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் துர்சுனிடம் போனாள்.

"சார், அந்த லெட்டரைக் காட்டுங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாள். 'தப்பு என்னுடையது. அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்...'

"இது எங்க படத்து லெட்டர் சார். பத்து நாள் முன்னாடி சைகால் அக்கா ஷூட்டிங்ல எழுதினது. ஒவ்வொரு டேக்குக்கும் புதுத் தாள். 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை'ன்னு டைரக்டர் ஏழு எழுத வெச்சார். பின்னாடி பென்சில்ல நான் நம்பர் போட்டிருக்கேன். திருப்புங்க."

திருப்பினார்.

வெறும் வெள்ளை.

அழித்திருக்கிறான்...

கம்பை ஊன்றியபடியே எர்மெக் வந்து நின்றான்.

"சின்னப் பொண்ணு சார், குழம்பிப் போயிருக்கா. ஏழு தடவை எழுதினதுல சைகாலுக்கு அந்த வரியெல்லாம் மனப்பாடம். சாகும்போதும் அதையே எழுதியிருக்கா."

"நியாயமாத்தான் இருக்கு," என்றார் துர்சுன்.

எர்மெக் அவள் காதருகே குனிந்தான். "இனிமே இந்த ஊர்ல உனக்குப் படமே கிடையாது, தங்கச்சி."

பெகிமாய்க்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. 'கை வலிக்குதுடி' என்றாள் சைகால். 'சீக்கிரம் எழுதிடுங்கக்கா, வெளிச்சம் போகுது' என்று அவசரப்படுத்தியது யார்? இவள்தான்.

தன் போனைத் திறந்து இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நம்பரை அழிக்கலாம். ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுக்கறதுதான் சார் என் வேலை. இது ஏழாவது. பக்கத்துலயே கிளாப் போர்டு, தேதியோட. ரெண்டையும் பாருங்க."

மூன்றாவது வரியில் அடித்துத் திருத்திய ஒரு வார்த்தை. அதன் கீழே உருண்டையாக ஒரு கண்ணீர்க் கறை. போட்டோவிலும் அதே திருத்தல். அதே கறை. அதே இடம்.

"வரி மனப்பாடம் ஆகும். கண்ணீர்த் துளியுமா அண்ணே மனப்பாடம் ஆகும்?"

எர்மெக்கின் பார்வை அந்த உறைக்குத் தாவியது.

துர்சுன் உறையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது, எண்ணெய் பட்ட மாதிரி இருக்கு?"

"கிளிசரின் சார். ஆறு தாள்லயும் அக்கா நிஜமாத்தான் அழுதாங்க. அது நல்லா இல்லேன்னு ஏழாவதுக்கு இவர்தான் கிளிசரின் விட்டார். ஓகே ஆனது இது ஒண்ணுதான். அதான் இதையே எடுத்து வெச்சிருக்கார்."

கம்பு கீழே விழுந்தது.

தற்கொலை இல்லை என்றதும், மதியம் இமாம் வந்தார். தொழுகை நடந்தது. சைகாலுக்கு அது மட்டும்தான் மிச்சம்.

சாயங்காலம் ஸ்டேஷனில், 'கால் தவறி விழுந்துட்டா' என்றான் எர்மெக். அப்புறம், 'பிடிக்கப் போனேன், கை பட்டுடுச்சு' என்றான். அப்புறம் அழுதான்.

துர்சுன் ஆற அமர டீயை உறிஞ்சிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நம்பற மாதிரி இல்லையே எர்மெக். எங்கே, முதல்லேர்ந்து... இன்னொரு தடவை."