ஆறாவது கோடு

நாயில்லாத வீட்டில் உண்ணி இருந்ததுகூடப் பெரிதில்லை. ரத்தம் குடித்து ஆமணக்கு முத்துப்போல் உப்பியிருந்ததே, அதுதான் பொன்செல்விக்கு விளங்கவில்லை. ஜிம்மியைக் கரிவலம்வந்தநல்லூரில் நாத்தனார் வீட்டில் விட்டு ஒரு மாதம் ஆகிறது. பிறகு யார் ரத்தம் இது? மகள் அனுவின் அறைக் கதவடியிலிருந்துதான் அது ஊர்ந்து வந்திருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அப்போதே படித்துப் படித்துச் சொன்னார். நாய்மேல் இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். துணிகளைக் கொதிநீரில் முக்கி, வெடிப்புகளில் மருந்தடித்த பிறகு நாயைக் கொண்டுவாருங்கள் என்று. வீடு முழுக்கச் செய்தவள் அந்த அறையை மட்டும் தொடவில்லை. தை மாதம் காய்ச்சலில் போன ஒன்பது வயதுப் பிள்ளையின் வாசம் அங்கே தலையணையில்தான் மிச்சமிருந்தது. அதைக் கொதிநீரில் போடப் பாவி மனசு கேட்டால்தானே!

போனில் புருஷன் வேல்ராஜ், நாத்தனார் வீட்டிலிருந்து.

"ஏட்டி, தண்ணி கொதிச்சிட்டா?"

"கொதிக்கி."

"இன்னைக்கு முடிச்சிரு செல்வி. ஜிம்மி இங்கன சோறே திங்க மாட்டேங்கு. அவ வளத்த உசுரு, அதையாவது காப்பாத்துவோம்."

"சரி. கூட்டிட்டு வாங்க."

கொதிநீர்ப் பானையோடு அனுவின் அறைக் கதவைத் திறந்தாள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலும் பலூன்காரனின் பீப்பீயும் தெருவோடு நின்றுவிட, உள்ளே தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த அந்தப் பழைய வாசத்துக்கு அடியில் துருப்பிடித்த இரும்பைப்போல் இன்னொரு வாடை கனத்துக் கிடந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியே தரையில் விழுந்திருந்தது. தரை அசைந்தது.

எல்லாம் உண்ணி.

மூச்சையும் உடம்புச் சூட்டையும் தேடித்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றுகூட அவளிடம் வரவில்லை. எல்லாமே சுவரை நோக்கிப் போயின.

ஒவ்வொரு வருஷமும் தபசு பார்த்துத் திரும்பியதும் வேல்ராஜ் அனுவை அந்தச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவான். ஐந்து கோடுகள்.

ஆறாவது இருந்தது.

பென்சில் இல்லை. உண்ணிகள். அடிமட்டம் வைத்ததுபோல் நேராக. போன வருஷத்துக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே. கீழே தரையில், சின்னப் பாதங்கள் இரண்டின் அளவுக்கு மட்டும் வெறுமையாக.

வளர்ந்திருக்கிறாள்.

பானையை இறக்கி வைத்தாள். கதவைத் தாழிட்டாள். சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பசிக்குதா மக்கா?"

வாசலில் பைக் வந்து நின்றபோது பானைத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஜிம்மி உள்ளே ஓடிவந்து அறைக் கதவைப் பிறாண்டியபடி குரைத்தது. அனு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மட்டும் குரைக்கிற அந்தக் குரைப்பு.

"செல்வி! கதவைத் தெறட்டி!"

அவள் சுவரோரம் உட்கார்ந்து, கையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். கோடு மெல்லக் கலைந்து, அந்தக் கையை நோக்கி இறங்கியது.